தட்டானுக்கு எதற்கு ஃப்ரிட்ஜ்?



காலை ஆறு மணிக்குள் என் கைப்பேசிக்குப் பத்துப் பதினைந்து 'காலை வணக்கம்' வந்துவிடுகின்றன. பாதிப் படங்களில் ஒரு பூ, பூவின்மேல் ஒரு பட்டாம்பூச்சி, பட்டாம்பூச்சியின்மேல் முத்து முத்தாய்ப் பனித்துளி. அனுப்புகிறவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள், என்மேல் பிரியம் உள்ளவர்கள். அவர்கள் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பனித்துளிகளில் பல, பனித்துளிகளே அல்ல. மருந்துக் கடையில் விற்கும் கிளிசரின். அந்தப் பட்டாம்பூச்சிகளில் சில உயிரோடு இல்லை. இன்னும் சில, உயிர் இருந்தும் அசைய முடியாமல் விறைத்துக் கிடப்பவை. நாம் அதற்கு ஒரு கும்பிடு போட்டு, 'இறைவனின் படைப்பே அழகு' என்று எழுதி, அடுத்தவருக்கு அனுப்பிவைக்கிறோம்.

நான் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி அல்ல. பணி ஓய்வு பெற்ற பதினான்கு வருடமாக இதிலேயே ஊறிக் கிடப்பவன். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறு பூந்தொட்டி, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, மதிலோரம் தானாக முளைத்த எருக்கு. இவைதான் என் காடு. கருவி என்று பார்த்தால் ஒரு பழைய கேமரா, ஒரு 50 எம்எம் லென்ஸ், அந்த லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டுவதற்குச் சில நூறு ரூபாயில் ஒரு வளையம். லட்ச ரூபாய் லென்ஸ் வாங்க முடியாத ஓய்வூதியக்காரனுக்கு அதுவே மேக்ரோ.

மேக்ரோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டின் பிம்பம், கேமராவின் உள்ளே இருக்கும் சென்சார்மேல் ஒரு சென்டிமீட்டராகவே விழவேண்டும். அதுதான் முழு மேக்ரோ. அவ்வளவு நெருங்கிப் போகும்போது தெளிவாகப் பதியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். தும்பியின் கண் தெளிந்தால் இறக்கை மங்கும். இறக்கை தெளிந்தால் கண் மங்கும். காற்று அடித்தால் போச்சு, நம் மூச்சு பட்டால்கூடப் போச்சு. தலை முதல் வால் வரை தெளிவாக வேண்டுமானால், குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்க வேண்டும். அத்தனை நேரமும் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும். உயிருள்ள பூச்சி அசையாமல் இருக்குமா?

இங்கேதான் குறுக்குவழி பிறக்கிறது. பூச்சியைப் பிடித்து ஒரு டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் சக்தி பொதுவாகக் கிடையாது. வெளியே குளிர்ந்தால் உள்ளேயும் குளிரும். சிறிது நேரத்தில் கால் மடங்கி, மரத்துப்போய்விடும். எடுத்து ஒரு பூவின்மேல் நிறுத்தி, கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். நிற்கவில்லையா, பசை வைத்து ஒட்டுகிறார்கள். எறும்பு ஒரு விதையைத் தலைக்குமேல் தூக்கி நிற்கவேண்டுமா, நூல் கட்டி நிறுத்திவிட்டு நூலைப் பிறகு கணினியில் அழித்துவிடுகிறார்கள். மழையில் இலையைக் குடையாகப் பிடித்திருக்கும் தவளைப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். குடை பிடிக்கும் தவளையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

நாம் சிறுவர்களாக இருந்தபோது தெருப் பையன்கள் தட்டானின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைத்து விளையாடுவார்கள். பெரியவர்கள் யாராவது கண்டால் தலையில் ஒரு குட்டு விழும். இன்று அதே வேலையைப் பெரியவர்களே செய்கிறார்கள். அதற்குக் குட்டு விழுவதில்லை, கோப்பை கிடைக்கிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தியை ஒரு புகைப்படப் பயிலரங்குக்கு அனுப்பினோம். பதினொரு வயது. இரண்டாம் நாள் மாலை வந்தவள், "தாத்தா, ஒரு காலி சோப்பு டப்பா வேணும், மூடில ஓட்டை போட்டுக் குடு" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "பட்டாம்பூச்சியப் பிடிச்சுப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். அப்பத்தான் ஷார்ப்பா வரும்னு சார் சொன்னாரு" என்றாள். குழந்தை சொன்னதில் தவறில்லை. கற்றுக்கொடுத்ததை அப்படியே சொன்னது. என் கவலையெல்லாம் கற்றுக்கொடுத்தவரைப் பற்றியது. பூச்சி என்பது ஒரு சாமான், அதை நம் வசதிக்கு ஏற்ப வைக்கலாம், எடுக்கலாம் என்பதைத்தான் அந்தப் பயிலரங்கு முதல் பாடமாக வைத்திருக்கிறது. மறுநாள் நான் அவளை அங்கே அனுப்பவில்லை.

சில மாதங்கள் கழித்து, நான் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் போட்டியில் ஒரு தட்டான் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. தாமரை மொட்டின்மேல் தட்டான், உடம்பெல்லாம் துளிகள். எட்டி நின்று பார்த்தால் அழகுதான். கிட்டே போய்ப் பார்த்தேன். தட்டானின் கண் செத்தபின் விரைவில் நிறம் மங்கிக் கலங்கிவிடும். அந்தக் கண் அப்படித்தான் இருந்தது. கால்கள் மொட்டைப் பற்றவே இல்லை, சும்மா மேலே கிடந்தன. நடுவர்களில் ஒருவரிடம் மெதுவாகச் சொன்னேன். "ஐயா, நாங்கள் விளைவை மட்டும்தான் பார்க்கிறோம், முறையைப் பார்ப்பதில்லை" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் நான் எழுத்தர் வேலை பார்த்தவன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், பழைய பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்கள், எத்தா-சிவில் பதிவேடுகள் இவற்றிலிருந்து நகல் எடுக்கும் வேலை பெரும்பாலும் என் மேசைக்கே வரும். நகல் எடுத்தபின் அசலை ஒருவர் படிக்க, மற்றவர் நகலை வரிவரியாகப் பார்த்துவர வேண்டும். கடைசியில் 'ஒப்பிட்டவர்' என்ற இடத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். அதன் பிறகுதான் அதிகாரியின் முத்திரை விழும். எத்தனையோ பதிவேடுகள் பூச்சி அரித்து, பாதி எழுத்து போய் இருக்கும். அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அப்பன் பெயர் தெரியும், ஊர் பெயர் தெரியும். ஆனாலும் நிரப்பமாட்டோம். 'சிதைந்துள்ளது' என்றுதான் எழுதுவோம். நகல் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அசலில் உள்ளதுதானா என்றுதான் கேட்பார்கள். அதை நம்பித்தான் ஒருவர் வீட்டை வாங்குவார், ஒருவர் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறுவார்.

ஒரு பூச்சியின் புகைப்படமும் அப்படி ஒரு நகல்தான். 'இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த உயிர் இப்படி இருந்தது. நான் பார்த்தேன்' என்று சொல்லாமல் சொல்கிறது. அதனால்தான் அதைப் பார்த்து நாம் வியக்கிறோம். செத்த தட்டானைப் பூவில் ஒட்டி எடுத்தது என்று படத்தின் அடியில் எழுதிவிட்டால் எத்தனை பேர் வியப்பார்கள்? எழுதாமல் விடுவதற்குக் காரணமே அதுதானே? முறையைப் பார்ப்பதில்லை என்று நடுவர் சொல்வது, சுருக்கொப்பம் போட்ட எழுத்தர் 'நான் அசலைப் பார்ப்பதில்லை' என்று சொல்வதுபோல.

பெரிய இடங்களில் இப்படிச் சொல்வதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009-இல் ஒரு வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படத்துக்கு முதன்மைப் பரிசு கொடுத்தார்கள். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவேண்டும் என்று சந்தேகம் வந்தது. விசாரித்து 2010-இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-இல் இன்னொன்று. பிரேசில் நாட்டில் இரவு நேரம், ஒளிவிடும் சிறு பூச்சிகள் மினுங்கும் கறையான் புற்று, அதை நோக்கி வரும் எறும்புதின்னி. அருமையான படம். அந்த எறும்புதின்னி பாடம் செய்து வைக்கப்பட்ட பொம்மை என்று வல்லுநர்கள் கருத்துச் சொன்னார்கள். 2018-இல் அந்தப் பரிசும் போயிற்று. எடுத்தவர்கள் இருவருமே குற்றச்சாட்டை மறுத்தார்கள். மறுத்தபோதும் போட்டி நடத்தியவர்கள் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. விளைவு அழகாக இருந்தது என்று அவர்களும் சொல்லி விட்டிருக்கலாம்.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. லெம்மிங் என்ற வடதுருவப் பகுதி எலிகள் கூட்டம் கூட்டமாகப் பாறையிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்கின்றன என்று அதில் காட்டினார்கள். அந்த எலிகளை வேறிடத்திலிருந்து வாங்கிவந்து, படப்பிடிப்புக்காகத் தள்ளிவிட்டார்கள் என்பதைக் கனடா நாட்டுத் தொலைக்காட்சி 1982-இல் வெளிப்படுத்தியது. அதற்குள் உலகம் முழுவதும் லெம்மிங் என்றால் தற்கொலை எலி என்று பதிந்துபோயிற்று. இன்றும் சொல்கிறார்கள். பொய்ப்படம் ஒரு தலைமுறைக்குப் பொய் விலங்கியலைக் கற்றுக்கொடுத்துவிட்டது. குடை பிடிக்கும் தவளையைப் பார்த்து வளரும் நம் பேரப்பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

இதை நான் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்கள் நாலைந்து. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் பதில்: "வீட்டில் கொசு பேட் வைத்துப் படபடவென்று அடிக்கிறீர்கள், தட்டானுக்கு மட்டும் என்ன கருணை?" கொசு கடிக்கிறது, காய்ச்சல் தருகிறது, அடிக்கிறேன். அடித்த கொசுவைச் சட்டம் போட்டு மாட்டி, 'உயிரோட்டம்' என்று தலைப்பு வைப்பதில்லை. தட்டான் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அதுவே கொசுவைத் தின்கிற ஜீவன்.

இரண்டாவது: "ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து பறந்துவிடும், ஒரு பாதகமும் இல்லை." பல எழுந்துகொள்ளும், உண்மைதான். சில எழுந்துகொள்வதில்லை. எழும்வரை அது பல்லிக்கும் எறும்புக்கும் குருவிக்கும் திறந்த இலை போட்ட விருந்து. மேலே கிளிசரின் வேறு. பூச்சி மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் இரு பக்கமும் உள்ள சிறு துளைகள் வழியாக விடுகிறது. அந்த உடம்பின்மேல் காயாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிசுக்கைத் தெளித்துவிட்டுப் பாதகம் இல்லை என்று சொல்பவர், அது பறந்துபோகும்வரை பக்கத்தில் காத்திருந்தாரா? காத்திருக்கப் பொறுமை உள்ளவருக்கு ஃப்ரிட்ஜே தேவைப்பட்டிருக்காதே.

மூன்றாவது: "விஞ்ஞானிகளே கூண்டில் அடைக்கிறார்கள், குளிரவைக்கிறார்கள்." இதற்குப் பதில் சொல்ல எனக்கு ழான்-ஆன்றி ஃபாப்ர் துணை வேண்டும். எங்கள் பள்ளியில் பிரெஞ்சு முசியே சொல்லெழுத்துக்கு அடிக்கடி எடுப்பது அவர் எழுதிய பூச்சிப் பகுதிகளைத்தான். கும்பிடுபூச்சிக்கு பிரெஞ்சில் 'மாந்த் ரெலிழியேஸ்' என்று பெயர், அதாவது பக்தியுள்ள மாந்த். அவர்களுக்கும் அது கும்பிடுவதாகத்தான் தெரிந்திருக்கிறது என்று நாங்கள் வகுப்பில் சிரித்தது நினைவிருக்கிறது. 1823-இல் பிறந்து 1915-இல் மறைந்த அந்த மனிதர், வாழ்நாளின் கடைசி முப்பத்தாறு வருடத்தைத் தென் பிரான்சில் செரிஞான் என்ற சிற்றூரில், கல்லும் முள்ளுமான ஒரு தோட்டத்தில், பூச்சிகளோடு கழித்தார். பத்துத் தொகுதி எழுதினார். அவர் புத்தகத்துக்குப் பூச்சிப் படங்களை எடுத்துக் கொடுத்தவர் அவர் மகன் போல்-ஆன்றி. ஃபாப்ரும் பூச்சிகளைக் கம்பி வலைக்குள் வைத்துப் பார்த்தவர்தான். கம்பளிப்புழுக்களை ஒரு தொட்டியின் விளிம்பில் ஏறவிட்டு, அவை நாள்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வந்ததைக் கவனித்தவர்தான். ஆனால் தொட்டியில் ஏறவிட்டதை அவர் மறைக்கவில்லை. எந்தத் தொட்டி, எத்தனை நாள், என்ன செய்தேன் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். வாசகர் ஏமாறவில்லை. விஞ்ஞானி கூண்டைச் சொல்கிறார். நம் பரிசுக்காரர் கூண்டை மறைக்கிறார். வித்தியாசம் இதுதான்.

நான்காவது: "கலைக்கு ஏது கட்டுப்பாடு?" ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குள் தொட்டியில் தண்ணீர் வைத்து, மேலிருந்து சொட்டு விழவிட்டு, அது கிரீடம்போல எழும்புவதைப் படம் எடுக்கிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்கர்டன் 1957-இல் பால்துளி தெறித்துக் கிரீடமாவதை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அது ஆய்வுக்கூடத்தில் செய்தது என்பது ஊருக்கே தெரியும். பூவைப் பறித்துவந்து சன்னல் ஓரம் வைத்து எடுங்கள். பூவின்மேல் கிளிசரின்கூடத் தெளியுங்கள். பூ பறந்துபோக நினைப்பதில்லை. கீழே 'வீட்டில் அமைத்து எடுத்தது' என்று ஒரு வரி போட்டுவிட்டால் எனக்கு உங்களோடு ஒரு சண்டையும் இல்லை. என் சண்டை, உயிரை வதைப்பதோடும், வதைத்ததை இயற்கை என்று விற்பதோடும்தான்.

ஐந்தாவது பதில் நம் வயதுக்காரர்களிடமிருந்தே வருகிறது: "இந்த வயதில் விடியற்காலை எழுந்து, முட்டி மடக்கி உட்கார்ந்து, பூச்சிக்காகக் காத்திருக்க முடியுமா?" நண்பர்களே, உலகத்தில் காத்திருக்க நேரம் உள்ளவர்கள் நாம் மட்டும்தான். விடியற்காலை நாலரைக்கே தூக்கம் கலைந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். முட்டி வலித்தால் தொட்டியை மதில்மேல் ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். கேமரா கனமாக இருந்தால் கைப்பேசியில் மாட்டும் சிறு லென்ஸ் போதும். பனிக்காலத்தில் காதுக்கு மஃப்ளர் கட்டிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஃப்ரிட்ஜ் செய்வதாகச் சொல்லும் வேலையை மார்கழி மாதம் இலவசமாகவே செய்துகொடுக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பனி இறங்கும். பொழுது புலர்வதற்கு முன் தட்டானும் ஊசித்தட்டானும் புல் நுனியைப் பற்றியபடி அசையாமல் இருக்கும். அதன் இறக்கையில், கண்ணில், மீசையில்கூடப் பனி இருக்கும். உண்மையான பனி பொடிப் பொடியாக, நெருக்கமாக, ஒரே சீராகப் படிந்திருக்கும். தெளிப்பான் அடித்த துளியோ அங்கொன்று பெரிதும் இங்கொன்று சிறிதுமாக நிற்கும். வெயில் ஏறும்வரை அரைமணி நேரம் உங்களுக்கு இருக்கிறது. முப்பது படம் எடுத்து அடுக்க அது போதும். சூரியன் வந்ததும் தட்டான் இறக்கையைச் சிலிர்த்துச் சூடேற்றிக்கொண்டு போய்விடும். யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

பேத்தியைப் பயிலரங்கிலிருந்து நிறுத்திய பிறகு, விடிந்ததும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். இலை நுனியில் வரிசையாகத் துளிகள் நின்றன. பனி என்றாள். தொட்டிகளின் எல்லா இடத்திலும் பனி இல்லையே, இலை விளிம்பில் மட்டும் ஏன் என்று கேட்டேன். யோசித்தாள். அது வானத்திலிருந்து வந்த நீர் அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய தண்ணீர் மிகுந்துபோனால் செடி அதை இலை விளிம்பில் உள்ள நுண்துளைகள் வழியாக வெளியே தள்ளும். அப்படித் தள்ளிய நீர் அது. அந்தத் துளியை நெருக்கத்தில் படம் எடுத்தால், பின்னால் இருக்கும் செம்பருத்தி அதற்குள் தலைகீழாகத் தெரியும். துளியே ஒரு லென்ஸ். அன்று முழுக்க வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் செடிக்கு வேர்க்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தாள். கிளிசரின் பாட்டிலில் இந்தப் பாடம் கிடையாது.

காத்திருந்ததால் எனக்குக் கிடைத்தவை இன்னும் உண்டு. சித்திரை வெயிலில் ஒரு தட்டான் குச்சி நுனியில் உட்கார்ந்து வாலைச் செங்குத்தாக வானத்தை நோக்கித் தூக்கி நின்றது. வெயில் உடம்பில் குறைவாகப் படுவதற்காக அது போடும் ஆசனம் அது. பக்கத்து வீட்டு மாமரத்தில் முசுறு எறும்பு என்று நினைத்து எடுத்த ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால்! முசுறைப் போலவே உடம்பை வைத்துக்கொண்டு, முன்கால் இரண்டையும் மீசைபோல ஆட்டிக்கொண்டு திரியும் சிலந்தி. எருக்கில் வளர்ந்த புழுக்கள் எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு, பறவைகள் தொட அஞ்சும் செம்மஞ்சள் பட்டாம்பூச்சியாவதை முட்டையிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டாம்பூச்சி நிற்கும்போது நான்கு கால்தான் தெரியும். முன்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும். பூச்சிக்கு ஆறு கால் என்று படித்தவர்கள் என் படத்தைப் பார்த்துப் பொய் என்றார்கள். எந்தச் செடி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று என் குறிப்பேட்டில் இருந்தது. காட்டினேன்.

இப்போது இன்னொரு புதுச் சங்கதி வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவிடம் 'பனித்துளியோடு பட்டாம்பூச்சி' என்று எழுதிக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் படம் வரைந்து கொடுக்கிறது. ஃப்ரிட்ஜும் வேண்டாம், பசையும் வேண்டாம். உங்கள் காலை வணக்கங்களில் பல இப்போதே அப்படி வருபவைதான். அழகு மட்டும்தான் கணக்கு என்றால், சங்கத்து நடுவர் இனி அந்த யந்திரத்துக்கே கோப்பையைக் கொடுத்துவிடலாம். அதைவிட அழகாக நம்மில் யாரும் எடுக்கப்போவதில்லை. யந்திரத்தால் முடியாதது ஒன்றே ஒன்று. முத்தியால்பேட்டையில் ஒரு மதிலோரம், மார்கழி ஐந்தரை மணிக்கு, ஒரு ஊசித்தட்டான் இருந்தது, நான் பார்த்தேன் என்று அதனால் சொல்ல முடியாது. நம் கையில் மிஞ்சியிருப்பது அந்தச் சாட்சி ஒன்றுதான். அதையும் கிளிசரினில் கரைத்துவிட்டால் நமக்கு என்ன வேலை இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது மூன்று.

வீட்டுப் பிள்ளைகளுக்கு: உயிரைத் தொடாமல் எடுக்கப் பழக்குங்கள். பூச்சி வரவேண்டுமானால் டப்பா வேண்டாம், செடி வையுங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு, இட்லிப்பூ போதும். மருந்து அடிக்காதீர்கள். இலையைப் புழு தின்றால் தின்னட்டும்.

காலை வணக்கம் அனுப்பும் நண்பர்களுக்கு: அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டு மாடியில் நீங்களே எடுத்த ஒரு செம்பருத்தியை, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சரி, அனுப்புங்கள். அதைத் திறந்து பார்ப்பேன்.

சங்கத்துக்கும் நடுவர்களுக்கும்: போட்டிக்கு வரும் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மூன்று வரி கட்டாயமாக்குங்கள். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எப்படி எடுத்தது. கையொப்பத்தோடு. அமைத்து எடுத்த படங்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். அதற்கும் பரிசு கொடுங்கள். உயிரை மரக்கவைத்தோ கொன்றோ எடுத்ததற்கு எந்தப் பிரிவிலும் இடம் தராதீர்கள். இதைக் கடிதமாகவே எழுதிச் செயலாளரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதலும் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய எழுத்தன், ஒப்புதல் வாங்காமல் காகிதம் கொடுக்கமாட்டேன்.

இந்த வருடப் போட்டிக்கு நான் படம் அனுப்பவில்லை. அந்த மூன்று வரிக்கு இடம் ஒதுக்கிய விண்ணப்பம் வரட்டும், பொங்கலுக்குள் நாலு படம் கொடுக்கிறேன். அதில் ஒன்றில் தட்டானின் இடது இறக்கை மங்கலாகத்தான் இருக்கும். அப்போது காற்று அடித்தது.